கையை உதறினால்தான் தூக்கம் வருகிறது

கேள்வி: எனக்கு வயது 43. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை, 11 வருஷமாகச் செய்கிறேன். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். நாலைந்து மாதமாக ராத்திரி 2 மணி வாக்கில் வலது கை மரத்துப்போய், ஊசி குத்துவது போல எரிந்து தூக்கம் கலைந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சரியாகிறது. இப்போது பகலிலும் கையிலிருந்து டம்ளர் நழுவுகிறது. பக்கவாதத்தின் ஆரம்பம் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். மருந்துக் கடையில் நரம்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டும் குறையவில்லை. பிரசவமாகி மூன்று மாதமான என் மகளுக்கும் கட்டை விரல் பக்கமாக மணிக்கட்டில் வலி. இது குடும்பத்தில் வருவதா?

பதில்: முதலில் அந்தப் பக்கவாதப் பயத்தை விட்டுவிடுங்கள் அம்மா. பக்கவாதம் திடீரென்று வரும். முகம் ஒரு பக்கம் கோணும், பேச்சு குழறும், ஒரு பக்கத்துக் கையோ காலோ தூக்க முடியாமல் விழும். அப்படி யாருக்காவது நேர்ந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். உங்களுடையது மாதக்கணக்கில் வந்து வந்து போகிறது, உதறினால் விடுகிறது. 'கையை உதறினால் சரியாகிறது' என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியிலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. இது பெரும்பாலும் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம், அதாவது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது.

மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் வில் போல வளைந்து நிற்கின்றன. உள்ளங்கைப் பக்கம் தடித்த நார்ப்பட்டை ஒன்று அந்த வளைவை மூடியிருக்கிறது. நடுவில் உள்ள குறுகலான வழியில் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும், அவற்றோடு நெருக்கியடித்துக்கொண்டு மீடியன் என்ற நரம்பும் போகின்றன. தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை கொஞ்சம் வீங்கினாலும் அங்கே விலகிக்கொள்ள இடமில்லை. எல்லாவற்றிலும் மெத்தென்று இருக்கும் நரம்புதான் நசுங்குகிறது. மணிக்கட்டை மடக்கினால் உள்ளே அழுத்தம் இன்னும் ஏறும். தூக்கத்தில் கையைக் கன்னத்துக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்கிறோமே, ராத்திரியில் தொந்தரவு கூடுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இன்று ராத்திரி விழிப்பு வந்தால், உதறுவதற்கு முன் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பாருங்கள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவைதான் மரத்திருக்கும். சுண்டு விரலில் உணர்ச்சி இருக்கும், ஏனென்றால் அதற்குப் போகும் நரம்பு வேறு வழியில் போகிறது. 'கை முழுக்க மரத்துப்போகுது டாக்டர்' என்று சொல்லி வந்து, அடுத்த முறை 'நீங்க சொன்ன மாதிரி சுண்டு விரல் நல்லாத்தான் இருக்கு' என்பவர்கள் நிறைய. சுண்டு விரலும் மரத்தாலோ, கழுத்திலிருந்து தோள் வழியாக வலி இறங்கினாலோ, இரண்டு பாதங்களும் சேர்ந்து எரிந்தாலோ காரணம் வேறாக இருக்கலாம். அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

டம்ளர் நழுவுகிறது என்று எழுதியிருப்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. இரண்டு உள்ளங்கைகளையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டை விரலுக்குக் கீழே உப்பலாக ஒரு சதை இருக்கும். வலது கையில் அது தட்டையாகவோ குழி விழுந்தோ தெரிந்தால் நாள் கடத்தாதீர்கள். எரிச்சலும் மரப்பும் குறைவதற்கு வழி இருக்கிறது, வற்றிப்போன அந்தச் சதையைத் திரும்பக் கொண்டுவருவதுதான் கஷ்டம். ஜாக்கெட்டுக்குக் கொக்கி மாட்ட முடியாமல் போன பிறகு வந்த ஓர் அம்மாவை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கஷ்டமாக இருக்கிறது. இரண்டு வருஷம் எண்ணெய் போட்டு உருவியே காலத்தைக் கழித்துவிட்டார்.

நரம்பு மாத்திரையை நிறுத்திவிடுங்கள். வைட்டமின் பி12 குறைவாக இருப்பவருக்கு அது நல்ல மருந்துதான், நசுங்கிய இடத்தை அது விரிக்காது. சிலவற்றில் இருக்கும் பி6-ஐ அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

உடனே செய்ய வேண்டியது, ராத்திரியில் மணிக்கட்டு மடங்காமல் பார்த்துக்கொள்வது. மணிக்கட்டை மடங்காமல் பிடிக்கும், உள்ளே தகடு வைத்த பட்டை, ரிஸ்ட் ஸ்பிளின்ட் என்று சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். தகட்டைப் பெரும்பாலும் மேல்நோக்கி வளைத்துத்தான் விற்கிறார்கள். அதை உருவி எடுத்து, நேராக நிமிர்த்தி, மறுபடி செருகிப் போடுங்கள். இறுக்க வேண்டாம், ஒரு விரல் நுழைகிற அளவு தளர்வு இருக்கட்டும். 6 வாரம் ஒரு ராத்திரியும் விடாமல் போட வேண்டும். தகடில்லாத எலாஸ்டிக் பட்டையை இறுக்கிச் சுற்றினால் நரம்பு இன்னும்தான் நசுங்கும்.

வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் கத்திரியைப் பாருங்கள். மழுங்கிய கத்திரிக்கு ஒவ்வொரு வெட்டிலும் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கிறது, ஒரு நாளில் எத்தனை ஆயிரம் வெட்டு! அடிக்கடி சாணை பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் விரல்களுக்கு இதம். மேஜை முழங்கை உயரத்தில் இருந்தால் மணிக்கட்டு நேராக நிற்கும். அரை மணிக்கு ஒரு தடவை கத்திரியைக் கீழே வைத்து, விரல்களை விரித்து மடக்கி, அரை நிமிடம் கையைத் தொங்கவிடுங்கள். சூப்பர்வைசரிடம் பேசி, நாளில் கொஞ்ச நேரமாவது மடிக்கும் வேலைக்கு மாறிக்கொள்ள முடியுமா பாருங்கள். இதைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். வீட்டில் ஈரத்துணி பிழிவதையும் தேங்காய் துருவுவதையும் சில வாரம் வேறு யாராவது செய்யட்டும்.

வேலை மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம், உடல் பருமன் எல்லாம் இதைக் கொண்டுவரும், உங்கள் வயதுப் பெண்களுக்குக் கூடுதலாகவே வருகிறது. இ.எஸ்.ஐ. அட்டை இருக்குமே, அதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். சர்க்கரை, தைராய்டு பரிசோதனையோடு, நரம்பில் மின்னோட்டம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்க்கும் பரிசோதனையும் தேவைப்படலாம். ஸ்பிளின்டில் குறையாவிட்டால் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், சிலருக்குச் சில மாதங்கள் நிம்மதி கிடைக்கும். சதை வற்றத் தொடங்கியிருந்தால் அறுவை சிகிச்சைதான். மேலே மூடியிருக்கும் நார்ப்பட்டையை வெட்டி வழியை அகலப்படுத்துவார்கள். கையை மட்டும் மரக்கவைத்துச் செய்வது, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். கத்திரி பிடிக்கிற வேலைக்குத் திரும்ப ஒன்றரை மாதம்வரை ஆகும்.

உங்கள் மகளுக்கு வந்திருப்பது வேறு. கட்டை விரலை உள்ளே வைத்துக் கையை மூடி, மணிக்கட்டைச் சுண்டு விரல் பக்கம் மெல்லச் சாய்க்கச் சொல்லுங்கள். சுரீரென்று வலித்தால் அது அநேகமாக டி குவெர்வெய்ன். கட்டை விரலை விரிக்கும் தசைநாண்களின் உறை வீங்குவது. 1895-இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயர் அது. பச்சை உடம்பில் காற்றுப் பட்டதால் வந்தது இல்லை. கட்டை விரலை விரித்துக் குழந்தையின் அக்குளில் கொடுத்துத் தூக்கித் தூக்கி வருவது. இனி ஒரு கையைக் குழந்தையின் பிட்டத்துக்கு அடியிலும், மறு கையைத் தலைக்கும் முதுகுக்கும் அடியிலும் கொடுத்து, உள்ளங்கையால் ஏந்தித் தூக்கட்டும். பால் கொடுக்கும்போது கைக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளட்டும். கட்டை விரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளின்ட் தனியாக இருக்கிறது, உங்களுக்கு வாங்குவது அவளுக்கு உதவாது. மூன்று நான்கு வாரத்தில் குறையாவிட்டால் அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள், பால் கொடுக்கிறாள் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.