கஞ்சிக்கோடு ஷிப்ட் குரூப்: கேள்வி பதில்

பாலக்காடு பக்கத்துக் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில், ஆலை வேலையில் எதை வாட்ஸ்அப்பில் சொல்வது, எதை நேரில் சொல்வது என்று கேட்டவர்களுக்கான பதில்கள்.

வாளையார் வாசகர்: ராத்திரி பதினொரு மணிக்கு மேனேஜர் குரூப்பில் மெசேஜ் போடுகிறார். அப்போதே பதில் போட வேண்டுமா சார்?

வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒருவர் 'ஓகே சார்' போட்டதும் மற்றவர்களுக்கும் பயம் வந்துவிடுகிறது, பத்து நாளில் அதுவே வழக்கமாகிவிடும். இதை மேனேஜர்தான் மாற்ற முடியும். "அவசரம் என்றால் போன் செய்வேன், மற்றதைக் காலையில் பாருங்கள்" என்று அவரே குரூப்பில் எழுத வேண்டும். வேலை நேரம் முடிந்தபின் மெசேஜைப் பார்க்காமல் இருக்கும் உரிமைக்குப் பிரான்சில் 2017 முதல் சட்டமே உண்டு. இங்கே எம்.பி. சுப்ரியா சுலே 2018இல் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், சட்டமாகவில்லை.

கொழிஞ்சாம்பாறை வாசகி: வாய்ஸ் நோட் நல்லதா, டைப் செய்வதா அண்ணா?

நம் பக்கத்தில் இது பெரிய விஷயம்மா. மலையாளம் பேசினால் புரியும், எழுத்துப் படிக்க வராது என்கிற தமிழ் ஆட்கள் எத்தனை பேர்! வடக்கிலிருந்து வந்தவர்களுக்கும் அதே கதை. அவர்களுக்குக் குரல்தான் போய்ச் சேரும். ஆனால் பேட்ச் நம்பர், நேரம், அளவு எல்லாம் டைப் செய்யுங்கள், பிறகு தேடி எடுக்கலாம். குழப்பமான விஷயத்தை நேரில் பேசுங்கள். டாஃப்ட், லெங்கல் என்ற நிர்வாகவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1986இலேயே சொன்னது இது: பல அர்த்தம் வரக்கூடிய சேதிக்கு முகம் பார்த்த பேச்சு, தெளிவான சேதிக்கு எழுத்து போதும்.

மெஷின் கோளாறை மட்டும் குரூப்பில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். நேரில் சொல்லி, ஷிப்ட் ரிஜிஸ்டரில் எழுதுங்கள்.

சித்தூர் வாசகர்: மெஷின் சத்தத்தில் வாய்ஸ் நோட் எப்படிக் கேட்கும்?

வேலந்தாவளம் வாசகர்: டைப் செய்தால் பாதிப் பேர் படிப்பதே இல்லையே!

இரண்டும் உண்மைதான். ஆனால் ஓடும் மெஷின் பக்கத்தில் போன் கையில் இருக்கவே கூடாது. அங்கே எதில் அனுப்புவது என்ற சண்டைக்கே இடமில்லை. ஷிப்ட் மாறும்போது ஐந்து நிமிடம் நின்று பேசுங்கள், மெஷின் கோளாறை ரிஜிஸ்டரில் எழுதுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

ஆபீஸ் ஊழியர்: உடனுக்குடன் பதில் போட்டால் வேலை கெடுமா?

அமெரிக்க ஆய்வாளர் குளோரியா மார்க் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில், வேலை நடுவே இடையூறு பட்டவர்கள் வேலையைச் சீக்கிரமே முடித்தார்கள், ஆனால் மன அழுத்தம் கூடியது. கணக்கில் வேகம் மட்டும் தெரியும். களைப்பு உங்களோடு வீட்டுக்கு வரும்.

இன்னும் மூவர்: புளூ டிக் வந்தும் பதில் போடாவிட்டால்?

மறுபடியும் அதேதான். முதல் பதிலைப் படியுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: பதில் தாமதமானதற்குச் சம்பளம் பிடித்தார்கள்.

இது என் துறை இல்லை. பாலக்காடு மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போங்கள். மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள், சம்பளச் சீட்டையும் எடுத்துப் போங்கள்.