வளையக் கவசத்தில் துரு ஏறினால் எப்படிச் சுத்தம் செய்வது?
இடைக்கால ஐரோப்பிய வீரர்கள் அணிந்த இரும்பு வளையக் கவசத்தைப் பொழுதுபோக்காகச் செய்து அணிபவர்களுக்குத் துருதான் பெரிய தலைவலி. கம்பித் தூரிகையால் தேய்ப்பது வீண் வேலை. ஆயிரக்கணக்கான வளையங்களின் உள்பக்கம் அதற்கு எட்டவே எட்டாது. அந்தக் காலத்து வழியே இன்றும் நல்லது: பீப்பாயில் உலர்ந்த மணலோடு போட்டு, மூடி, உருட்டுங்கள். வளையங்கள் ஒன்றோடொன்று உரசித் துருவை உதிர்த்துவிடும். அப்புறம் மணலை உதறி, எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

வளையங்கள் துத்தநாகம் பூசிய கம்பியால் செய்தவை என்றால் கவசத்தை வினிகரில் ஊறப்போடாதீர்கள், பூச்சே கரைந்துவிடும். அதை நெருப்பிலும் காட்டக் கூடாது. அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும்.

சண்டைப் பயிற்சி முடிந்ததும் பஞ்சு வைத்துத் தைத்த உள்ளங்கி வியர்வையில் நனைந்திருக்கும். அதையும் கவசத்தையும் ஒரே பையில் திணித்தால் மறுநாளே துரு தெரியும். தனித்தனியாக உலர்த்துங்கள்.