மலை ஓடுதளத்துக்குச் சிறு விமானத்தில் முகாம்: கேள்வி பதில்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஜான்சன் க்ரீக் என்று ஒரு புல்வெளி ஓடுதளம். கிட்டத்தட்ட 5,000 அடி உயரம், 3,400 அடி நீளம், பக்கத்தில் ஓடை. விமானத்தை நிறுத்தி அதன் அருகிலேயே கூடாரம் போட்டுச் சமைத்துச் சாப்பிடலாம். அங்கே போக நினைப்பவர்கள் நம் கடற்கரை ஊர்களிலிருந்து அனுப்பிய கேள்விகளும், மலைப் பறத்தல் பயிற்றுநரின் பதில்களும்.

தொண்டி: அண்ணே, செஸ்னா 172ங்கிற நாலு இருக்கைச் சின்ன விமானத்துல நாலு பேர், கூடாரம், சமையல் சாமானோட போகலாமா?

முடியாது தம்பி. 172எஸ் மாடலின் உச்ச எடை 1,157 கிலோ. வெறும் விமானமே 770 பக்கம் வரும். மிச்சம் 387. டாங்க் நிறைய பெட்ரோல் 144 போனால் 243. ஆளுக்கு 75 என்றாலும் நாலு பேர் 300. மூட்டை ஏற்றுமுன்பே கணக்கு உதைக்கிறது. இரண்டு பேராகப் போங்கள். அப்போதும் பின்னாலுள்ள சாமான் அறைக்கு 54 கிலோதான் வரம்பு. மிஞ்சியதைப் பின் இருக்கையில் வைத்துப் பட்டை போட்டு இறுக்குங்கள். மலையிலிருந்து கிளம்பும்போது உச்ச எடையைவிடப் பத்து சதவீதமாவது குறைவாக இருங்கள்.

பாம்பன்: பாரத்தை எங்க வச்சா என்ன, மொத்தம் சரியா இருந்தா போதாதா?

வல்லத்தில் பின்பாரம் கூடினால் முன்பக்க அணியம் தூக்கிக்கொள்ளும், உங்களுக்குத் தெரியாததா? விமானத்திலும் அதேதான். மூக்கு தானாக மேலே ஏறும், வேகம் விழும், இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். அந்த நிலையில் மூக்கை இறக்கி மீட்கப் பின்பாரம் விடாது. தண்ணீர்க் கேன், அடுப்பு போன்ற கனத்ததெல்லாம் முன்னால். தூங்குபை, கூடாரத் துணி பின்னால்.

மண்டபம்: 3,400 அடி இருக்கே, அப்புறம் என்ன பயம்?

ஓடுதளத்தின் நீளத்தைப் படிக்கிறீர்கள், காற்றைப் படிக்கவில்லை. இயந்திரமும் இறக்கையும் காற்றின் அடர்த்தியைத்தான் தின்கின்றன. வெயில் ஏறினால் அது மெலியும். கடல்மட்டத்துக்குரிய நியம வெப்பம் 15 டிகிரி. மண்டபத்தில் 35 அடித்தால் 20 டிகிரி கூடுதல். டிகிரிக்கு ஏறக்குறைய 120 அடி என்று வையுங்கள்: கடற்கரையில் நின்றுகொண்டே உங்கள் விமானம் 2,400 அடி மலையில் இருப்பதாக உணரும். 5,000 அடியில் நியமம் 5 டிகிரி. மதியம் 30 ஆனால் 25 டிகிரி கூடுதல், அதற்கு 3,000 அடி. ஆக 8,000. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத இயந்திரம் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் சக்தி இழக்கும். நாலில் ஒரு பங்கு போய்விட்டது.

இறங்கும்போது வேகமானியின் முள் 60 நாட் (மணிக்கு 60 கடல் மைல்) காட்டும், அதை மாற்றக் கூடாது. ஆனால் தரைமேல் நிஜ வேகம் 68 பக்கம். வேகமாக வருகிறோமே என்று கண்ணை நம்பி முள்ளைக் குறைத்தால் விழுவீர்கள்.

கிளம்பும்போது திராட்டில் என்னும் விசைப்பிடியை முழுதாகத் தள்ளி, இயந்திரச் சுழற்சி உச்சம் தொடும்வரை காற்றோடு கலக்கும் எரிபொருளைக் குறைத்துக் கலவையை மெலிதாக்குங்கள். கடற்கரைப் பழக்கத்தில் கலவைப் பிடியை முழுதாகத் தள்ளி, எரிபொருள் மிகுதியாக வைத்துக் கிளம்புவது பெரிய தவறு. விமானக் கையேட்டு அட்டவணையின் ஓட்டத் தூரத்தோடு காய்ந்த புல்லுக்கு 15 சதவீதம் கூட்டுங்கள். பாதித் தூரத்தில் ஓர் அடையாளம் வையுங்கள். 55 நாட்டில் தூக்கும் விமானம் அங்கே 39 தொடவில்லையா, திராட்டிலை மூடி நிறுத்துங்கள்.

காலை பத்து மணிக்குள் இறங்குங்கள். காலை பத்து மணிக்குள் கிளம்புங்கள்.

தேவிபட்டினம்: மதியச் சாப்பாடு முடிச்சிட்டுக் கிளம்பலாமா?

மேலே சொல்லியிருக்கிறேன்.

ஏர்வாடி: சாயங்காலம் குளிருமே, அப்ப?

குளிரும். ஆனால் ஏதாவது பிசகித் திரும்பி வந்தால் பள்ளத்தாக்கு இருட்டியிருக்கும். காலை பத்து.

உச்சிப்புளி: நம்ம ஊர் ஓடுபாதையில இறங்கிப் பழகலாமா?

அது ஐ.என்.எஸ். பருந்து என்னும் கடற்படைத் தளம். கூடாது.

இராமேஸ்வரம்: கச்சான், வாடைன்னு காத்து பாத்துப் பழகினவங்க நாங்க. அங்க எப்படி?

பகலில் பள்ளத்தாக்கு வழியே மேலேறும், இரவில் கீழிறங்கும். முகட்டில் 25 நாட்டுக்கு மேல் வீசினால் கூடாரத்தை விட்டு நகராதீர்கள். முகட்டின் மறைவுப் பக்கம் காற்று சுருண்டு கீழே அமுக்கும். முகட்டை நேராகக் கடக்காமல் 45 பாகைக் கோணத்தில் அணுகுங்கள், திரும்பி ஓட வசதி. பள்ளத்தாக்கில் நடுவில் பறக்காமல் ஓரமாகப் போனால்தான் வளைய முழு அகலமும் கிடைக்கும்.

கீழக்கரை: குக்கர் இல்லாம மலையில சோறு வேகாதுங்கிறாங்க. எடுத்துட்டுப் போகணுமா?

எடுங்கள். 5,000 அடியில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

காரைக்குடியிலிருந்து ஓர் அக்கா: 95ல அரிசி தாராளமா வேகும் தம்பி! அரை மணி ஊறவச்சு, மூடி போட்டுக் கொஞ்சம் கூடுதல் நேரம் விட்டாப் போதும். ரெண்டு கிலோ குக்கரைத் தூக்கிட்டு எடைப் பாடம் நடத்துறீங்களே?

கீழக்கரை: பருப்பு?

அதே அக்கா: துவரம்பருப்பை வீட்டிலயே விடுங்க. மைசூர்ப் பருப்பும் பாசிப்பருப்பும் வெந்துரும்.

அக்கா சொல்வது சரி, என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். மாவுச்சத்து 95க்கு வெகு கீழேயே இளகத் தொடங்கிவிடும். குக்கர் கொண்டைக்கடலைக்குத்தான் தேவை. புளிக்காய்ச்சல், முண்டு வத்தல், கீழக்கரைத் தொதல் எல்லாம் எடை குறைந்த நல்ல சாமான். எண்ணெய், ஊறுகாய் பாட்டில்களை இரட்டைப் பையில் போடுங்கள். உயரத்தில் உள்காற்று விரிந்து கசியும்.

தொண்டி: கருவாடு?

கரடிக்கு விருந்து வைக்க வேண்டாம். கொண்டுபோயே தீருவேன் என்றால் சமையலும் சாப்பாட்டு மூட்டையும் கூடாரத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளி. கரடி திறக்க முடியாத டப்பா நல்லது. இல்லையேல் நாலு மீட்டர் உயரத்தில் மரத்திலிருந்து விலக்கித் தொங்கவிடுங்கள். இரவில் விமானத்துக்குள் உணவு வைக்காதீர்கள். உலோகத்துக்குப் பதில் துணியால் உடல் மூடிய விமானத்தைக் கரடி நகத்தாலேயே கிழிக்கும்.

மண்டபம்: கரடி விரட்டும் மிளகாய் ஸ்பிரே கைப்பக்கமா வச்சுக்கலாமா?

கூடவே கூடாது. பறக்கும்போது கசிந்தால் ஓட்டுபவருக்குக் கண் தெரியாது. காற்றுப் புகாத இரும்புப் பெட்டியில் பூட்டி வையுங்கள்.

பாம்பன்: இந்திய லைசென்ஸ் செல்லுமா?

அதன் அடிப்படையில் அமெரிக்க விமானத் துறை தனிநபர் உரிமம் தரும். முதலில் உங்கள் உரிமத்தைச் சரிபார்ப்பார்கள், பிறகு பயிற்றுநரோடு பறந்து காட்ட வேண்டும். மலைக்கு அது மட்டும் போதாது. அந்த ஓடுதளத்தில் இறங்கிப் பழகிய பயிற்றுநரைப் பக்கத்தில் உட்காரவைத்து முதல் தடவை போங்கள்.

தேவிபட்டினம்: பதினோரு மணின்னா பரவாயில்லையா?

அன்றைய வெப்பத்தை எடுத்து மேலுள்ள 120 அடிக் கணக்கை நீங்களே போட்டு, அந்த எண்ணோடு கையேட்டு அட்டவணையைப் பாருங்கள்.