துடிப்பு ஏறவில்லை, கால் ஏன் வலிக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்கு 48 வயது. உட்கார்ந்தே பார்க்கும் வேலை. ஏழு மாதத்துக்கு முன்பு மாடி ஏறும்போது மூச்சு வாங்கியதில் பயந்துபோய், இதயத்துடிப்பு காட்டும் கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு நடையும் மெதுவோட்டமுமாக ஆரம்பித்தேன். நீங்கள் முன்பு எழுதியிருந்தபடி வேகத்தைப் பார்க்காமல் துடிப்பை மட்டும் பார்த்தேன். நிமிஷத்துக்கு 132-க்கு மேல் விட்டதே இல்லை. முதல் இரண்டு மாதம் அருமையாகப் போனது. அப்புறம் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் ஓய்வெடுத்துத் திரும்பினேன். அடுத்து குதிகாலுக்குக் கொஞ்சம் மேலே, பின்பக்கம் வலி. மூன்று வாரம் ஓய்வு. திரும்பி வந்தால் பழையபடி ஆரம்பத்திலிருந்து. இப்போது மறுபடியும் அதே இடத்தில் வலி. காலையில் எழுந்ததும் முதல் பத்து அடி நொண்டித்தான் நடக்கிறேன்.

இவ்வளவு மெதுவாகச் செய்தும் ஏன் அடிபடுகிறது? கடிகாரம் தப்பாகக் காட்டுகிறதா? துடிப்புக்கு ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்களே, எனக்கு எது சரி? வலியோடு தொடரலாமா, முழுதாக நிறுத்திவிடவா?

பெயர் வேண்டாம்.
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

கடிகாரம் உங்கள் மார்புக்குள் நடப்பதைத்தான் சொல்கிறது. கெண்டைக்காலுக்குள் நடப்பது அதற்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது, 'முதல் இரண்டு மாதம் அருமையாகப் போனது' என்ற வரி. வலி அந்த அருமையிலிருந்துதான் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

எப்படி என்று சொல்கிறேன். பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடும். ஒரு துடிப்புக்கு இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவும் ஏறும். அதனால் முன்பு 132 துடிப்பில் செய்த வேலையைக் கொஞ்ச நாளில் 120-லேயே செய்துவிட முடியும். ஆனால் நீங்கள் 132-ஐப் பிடித்துக்கொண்டே போனீர்கள். அப்போது என்ன ஆகும்? அதே 132-க்கு வேகம் கூடும். முதல் வாரம் பாதிக்கு மேல் நடையாக இருந்தது, எட்டாவது வாரம் முழு ஓட்டமாக மாறியிருக்கும். ஒவ்வொரு அடிக்கும் கால் தாங்குகிற சுமை கூடியிருக்கும், எடுத்து வைத்த அடிகளும் கூடியிருக்கும். கடிகாரத்தில் எண் மட்டும் அப்படியே நிற்கும்.

கால் அவ்வளவு சீக்கிரம் மாறாது. தசைக்குச் சில வாரம் போதும். தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் நாணுக்கு மாதக்கணக்கு ஆகும். அதற்கு ரத்த ஓட்டமும் தசையைவிடக் குறைவு. உங்களுக்கு வலிக்கிற இடத்தில் இருப்பது அக்கிலீஸ் என்ற தடித்த நாண். ஓடும்போது அது தாங்குவது உடல் எடையைப்போல ஐந்தாறு மடங்கு. இதயம் தயாராகிவிட்டது, நாண் தயாராகவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சில மாதங்களில்தான் பெரும்பாலான சின்னச் சின்னக் காயங்கள் வருகின்றன.

நானும் இதை அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆரம்பித்து ஒன்பதாவது வாரம். கிலோமீட்டருக்கு 9 நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தவன் 8 நிமிஷத்துக்கு வந்திருந்தேன், அதுவும் அதே துடிப்பில். அந்தச் சந்தோஷத்தில் வழக்கமான 20 நிமிஷத்தை 35 ஆக்கினேன். திரும்பி வரும் வழியில், கெண்டைக்காலின் உட்பக்கம் யாரோ விரலால் சுண்டியதுபோல ஒரு வலி. நின்று, குனிந்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். ஒரு ரூபாய்க் காசு அளவு இடம், தொட்டாலே சுருக்கென்றது. கடிகாரத்தைப் பார்த்தேன்: 131. அன்றைக்கு என் இதயத்துக்கு ஒரு குறையும் இல்லை. காலுக்கும் ஒரு கணக்கு வைக்க வேண்டும் என்று அன்றுதான் உறைத்தது.

சரி, எண்ணுக்கு வருகிறேன். நீங்கள் குழம்பியதில் ஆச்சரியமே இல்லை. எல்லோருக்கும் தெரிந்த கணக்கு 220-இலிருந்து வயதைக் கழிப்பது. அது 1971-இல் பல பழைய ஆய்வுகளின் புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்துப் போட்ட உத்தேசக் கோடு. 2001-இல் டனாகா என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் கொடுத்த சூத்திரம் வேறு: 208-இலிருந்து வயதில் பத்தில் ஏழு பங்கைக் கழிக்க வேண்டும். உங்களுக்கு முதல் கணக்கில் உச்சத்துடிப்பு, அதாவது இதயம் எட்டக்கூடிய அதிகபட்சத் துடிப்பு, 172, இரண்டாவதில் 174. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எந்தச் சூத்திரமானாலும் அது சராசரிதான். ஒரே வயதுள்ள இரண்டு பேரின் உண்மையான உச்சம் 20 துடிப்பு தள்ளி இருப்பது சாதாரணம்.

குழப்பம் அதற்கு அடுத்த படியில்தான் வருகிறது. மெதுவான பயிற்சிக்கு உச்சத்தில் 60 முதல் 70 சதவீதம் என்பார்கள். 172-இல் அது 103 முதல் 120 வரை. பின்லாந்துக்காரரான கார்வோனென் 1957-இல் காட்டிய வழியில், சும்மா இருக்கும்போதுள்ள ஓய்வுத்துடிப்பை உச்சத்திலிருந்து முதலில் கழித்துவிட்டு, மீதியில் சதவீதம் போட்டு, மறுபடி ஓய்வுத்துடிப்பைக் கூட்ட வேண்டும். உங்கள் ஓய்வுத்துடிப்பு 72 என்று வைத்துக்கொள்வோம். 174-இல் 72 போனால் 102. அதில் 60 சதவீதம் 61, அதோடு 72 சேர்த்தால் 133. 70 சதவீதத்துக்கு 143. பார்த்தீர்களா, அதே '60–70 சதவீதம்' ஒரு கணக்கில் 103-இல் தொடங்குகிறது, இன்னொன்றில் 143-இல் முடிகிறது. ஒருவர் ஒரு கணக்கில் சொல்ல, இன்னொருவர் வேறு கணக்கில் கேட்டுக்கொள்கிறார்.

நீங்கள் பிடித்த 132, ஃபில் மாஃபெடோன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் சொன்ன, 180-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ஹவாய் அயர்ன்மேன் போட்டியை ஆறு முறை வென்ற மார்க் ஆலனை அவர் 155-ஐத் தாண்டாமல் ஓடவைத்தார். அதில்தான் அந்தக் கணக்கு பேர் வாங்கியது. அந்தக் கணக்கில் பலர் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. புதிதாகத் தொடங்கியவரோ, காயத்தில் இருப்பவரோ, இன்னும் 5 கழித்துக்கொள்ள வேண்டும். பெரிய நோயிலிருந்து மீண்டவரும், தொடர்ந்து மருந்து எடுப்பவரும் 10 கழிக்க வேண்டும். ஆகவே உங்கள் எண் இப்போதைக்கு 127. அதைவிட நான் நம்புவது வாயைத்தான். ஓடிக்கொண்டே இரண்டு முழு வாக்கியம் மூச்சு உடையாமல் பேச முடிந்தால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். மூன்று நான்கு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால், கடிகாரம் 120 என்று காட்டினாலும் அது உங்களுக்கு அதிகம்.

எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம் என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. வெயில், தூக்கக் குறைவு, காபி, லேசான காய்ச்சல் எல்லாமே துடிப்பை ஏற்றும். ஒரே வேகத்தில் 40 நிமிஷம் போனாலே உடல் சூடாகி, நீர் குறைந்து, துடிப்பு மெல்ல மேலேறும். மணிக்கட்டில் ஒளி வைத்துப் பார்க்கும் கடிகாரம் தளர்வாக இருந்தால், சில சமயம் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ண ஆரம்பித்துவிடும். மெதுவாக ஓடும்போது திடீரென்று 165, 170 என்று காட்டி அங்கேயே நின்றால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மார்பில் கட்டும் பட்டை இன்னும் நம்பகமானது. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர் என்றால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் உங்களுக்குப் பொருந்தாது. அந்த மருந்து துடிப்பையே அமுக்கிவிடும். இதைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, அதனால் சொல்லிவைக்கிறேன்.

இனி ஓய்வு. முழுதாக நிறுத்தாதீர்கள். 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரைத் திரும்பச் சோதித்தபோது, அவர்களுடைய உடல் திறனை அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்த அளவுக்கு முப்பது வருஷ மூப்பு குறைக்கவில்லை என்று தெரிந்தது. ஐம்பது வயதில் ஆறு மாதம் மிதமான பயிற்சி செய்து, முப்பது வருஷத்தில் இழந்த திறனை அவர்கள் திரும்பப் பிடித்தார்கள். இந்த இரண்டாவது பாதியை நான் மனசு சோர்ந்த நாட்களில் நினைத்துக்கொள்வேன். நீங்கள் ஓய்வெடுத்தது படுக்கையில் இல்லை, தெரியும். ஆனாலும் மூன்று வாரம் ஒன்றும் செய்யாமல் இருந்ததில் இதயம் பின்வாங்கியது, நாணும் வலுவிழந்தது. வலி போய்விட்டது என்று திரும்பி வந்தபோது நாண் முன்பைவிடப் பலவீனமாக இருந்தது.

ஓய்வு, ஐஸ், கட்டு, காலைத் தூக்கிவைத்தல் என்ற வைத்தியத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்குப் பெயர் கொடுத்து 1978-இல் எழுதிய மருத்துவர் கேப் மிர்கின்தான். அவரே 2014-இல், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். முப்பத்தாறு வருஷம் கழித்து அப்படிச் சொல்ல ஒரு நேர்மை வேண்டும்.

உங்கள் நாணுக்குத் தேவை, அளந்து கொடுக்கும் சுமை. ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவர் ஆல்ஃப்ரெட்சனுக்கே இந்த வலி இருந்தது. அறுவை சிகிச்சைக்கு மேலதிகாரி சம்மதிக்கவில்லை. நாண் மோசமானால் சம்மதிப்பார்கள் என்று அவர் வேண்டுமென்றே அதற்குச் சுமை கொடுத்தார். மோசமாவதற்குப் பதிலாக வலி குறைந்தது. அதன்பின் 15 பேருக்கு 12 வாரம் அந்தப் பயிற்சியைக் கொடுத்து 1998-இல் வெளியிட்டார். அவர்கள் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள்.

செய்முறை இதுதான். மாடிப்படியின் விளிம்பில் முன்பாதம் மட்டும் படும்படி நில்லுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல காலால் எழும்பி, எடையை வலிக்கும் காலுக்கு மாற்றி, குதிகாலைப் படிக்குக் கீழே மெல்ல இறக்குங்கள். நான் மனசுக்குள் நான்கு எண்ணுவேன். நாண் இழுபடுவது நன்றாகத் தெரியும். நல்ல காலால் மறுபடி எழும்புங்கள். இப்படி 15 முறை, மூன்று சுற்று; பிறகு முழங்காலை லேசாக மடக்கி இன்னும் மூன்று சுற்று. ஆல்ஃப்ரெட்சன் இதை ஒரு நாளைக்கு இரண்டு வேளை கொடுத்தார். அது 180 முறை ஆகிறது. முதல் நாளே அவ்வளவு செய்ய வேண்டியதில்லை. ஒரு வேளையில் தொடங்கி ஏற்றுங்கள். வலி குதிகால் எலும்பின்மேலேயே இருந்தால் படியில் வேண்டாம், சமதரையில் நின்று செய்யுங்கள்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். எவ்வளவு வரை பரவாயில்லை? பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். ஐந்தைத் தாண்டக் கூடாது. அதைவிட முக்கியம் மறுநாள் காலை. அந்த முதல் பத்து அடி நேற்றைப்போலவோ நேற்றைவிட லேசாகவோ இருந்தால், முந்தின நாள் கொடுத்த சுமை சரி. கூடுதலாக நொண்டினால் அது அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன நோட்டில் தினமும் காலை இந்த ஒரு மதிப்பெண்ணை எழுதுங்கள். பக்கத்தில், முந்தின நாள் எத்தனை நிமிஷம் ஓடினீர்கள் என்பது. கடிகாரம் தராத கணக்கு இது.

இதயத்துக்குச் சைக்கிளும் நீச்சலும் போதும். நாணுக்கு அவற்றில் சுமை மிகக் குறைவு. ஆனால் ஓட்டத்தின் எண்ணை அப்படியே அங்கே கொண்டுபோகாதீர்கள். சைக்கிளில் பொதுவாக 5 முதல் 10 துடிப்பு குறைவாக இருக்கும், நீரில் 10 வரை குறையும். குறைகிறதே என்று மிதித்துத் தள்ள வேண்டாம்; அங்கேயும் வாய்ப்பேச்சுதான் அளவு. வாரத்துக்கு மொத்தம் 150 நிமிஷம் வந்தால் நல்லது.

ஓட்டத்துக்குத் திரும்பும்போது, ஒரு நிமிஷம் ஓட்டம், மூன்று நிமிஷம் நடை, இப்படி ஐந்து முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒரு வாரம் முழுக்கக் காலை மதிப்பெண் ஏறாமல் இருந்தால்தான் அடுத்த படி. வேகம் தானாகக் கூடும்போது 127 வரை இருக்கிறதே என்று அதை நிரப்பப் போகாதீர்கள். பழைய வேகத்திலேயே போங்கள், துடிப்பு 118-க்கு இறங்கட்டும். சும்மா விட்டுக்கொடுப்பதாகத் தோன்றும். எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது இதுதான். என்னைக் காப்பாற்றியதும் இதுதான்.

எலும்பில் விரல் நுனி அளவு இடத்தில் கூர்மையாக வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தாலோ, படியெல்லாம் வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். 'டப்' என்ற சத்தத்தோடு நாணில் வலி வந்து, முன்பாதத்தில் எழும்பி நிற்க முடியவில்லை என்றால் அன்றைக்கே போக வேண்டும். மார்பில் இறுக்கம், மயக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு உதவி கூப்பிடுங்கள். மாடி ஏறியபோது மூச்சு வாங்கிப் பயந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இதயத்தை இதுவரை பரிசோதிக்கவில்லை என்றால் ஓட்டத்துக்குத் திரும்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நாளைக் காலை எழுந்ததும் அந்தப் பத்து அடியை நடந்து பார்த்து, முதல் மதிப்பெண்ணைப் போடுங்கள். 12 வாரம் கழித்து அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்