கடைகளைக் கம்பெனி பேருக்கு மாற்றலாமா?

மாற்றாதீங்க. மண்டபத்தில் கட்டட ஒப்பந்தம் எடுக்கிறீங்க, உச்சிப்புளியில் வாடகைக்கு விட்ட இரண்டு கடை இருக்கு. எல்லாத்தையும் ஒரே பிரைவேட் லிமிடெட்டில் போட்டால் பாதுகாப்பு என்று யாரோ சொன்னதுதான் குழப்பம். நடப்பது நேர்மாறு. நீங்கள் கட்டிக்கொடுத்த வீட்டில் நம்ம உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துத் தளம் பெயர்ந்து, அந்த வீட்டின் சொந்தக்காரர் வழக்குப் போட்டு ஜெயித்தால், கம்பெனி சொத்தில்தான் வசூலிப்பார். கடையும் அதில் இருந்தால் கடையும் போகும். மாற்றுவதற்கு முத்திரைத்தாள் செலவு வேறு. உங்கள் பேரிலேயே இருந்தால் வருமான வரிக் கணக்கில் வாடகை வருமானத்தில், சொத்துவரி போக, 30% கழிவும் கிடைக்கும்.

ஒப்பந்த வேலைக்கு மட்டும் தனி அமைப்பு போதும். நீங்கள் ஒருத்தர்தான் என்றால் 2013 கம்பெனிச் சட்டப்படி ஒரு நபர் கம்பெனி. எல்எல்பிக்கு (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) இரண்டு பேர் வேணும்.

அதுக்கு முன்னால் இரண்டைப் பாருங்க:

1. வருஷ வரவு 2 கோடிக்குள்ளா? தனிநபராக இருந்தால் வரவில் 8% (வங்கி வழி வந்ததற்கு 6%) லாபம் என்று காட்டி வருமான வரிக் கணக்கை முடிக்கலாம். கம்பெனிக்கும் எல்எல்பிக்கும் அந்தச் சலுகை இல்லை. சின்ன வேலைக்காரருக்கு இது பெரிய விஷயம், ஆடிட்டர் செலவே மிச்சம்.

2. அரசு வேலை எடுக்கிறீங்களா? ஒப்பந்ததாரர் பதிவு யார் பேரில் இருக்கு, பழைய வேலை அனுபவம் புது கம்பெனிக்குச் செல்லுமா என்று பதிவு செய்த அலுவலகத்திலேயே கேளுங்க.

ஒன்று மட்டும்: வங்கிக் கடனுக்கு நீங்களே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், எந்தக் கம்பெனியும் கடையைக் காப்பாற்றாது.