நல்ல அஸ்பாரகஸ் செடி ஒன்று கிடைத்தால் ஆய்வகத்துக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: கனடா, ஒன்ராறியோவில் வீட்டுக்குப் பின்னால் விதை போட்டு வளர்த்த 20 அஸ்பாரகஸ் (இளந்தண்டைக் காய்கறியாகச் சாப்பிடும் செடி) செடிகள் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் தண்டு கட்டைவிரல் தடிமனுக்கு வருகிறது, சிவப்புப் பழமும் காய்க்கிறது. அதன் விதையைப் போடலாமா, இல்லை செடியின் சிறு துண்டைக் குப்பிக்குள் வளர்த்துப் புதுச் செடிகளாக்கும் திசு வளர்ப்பு ஆய்வகத்தில் கொடுத்துப் பெருக்கலாமா?

பதில்: பழம் காய்த்தால் அது பெண் செடி. நம் ஊர் தண்ணீர்விட்டான் கிழங்குக்கு உறவுதான் என்றாலும், காய்கறி அஸ்பாரகஸில் ஆண் தனி, பெண் தனி. பெண்ணின் தண்டு தடிமனாக இருக்கும், ஆனால் எண்ணிக்கை குறைவு. பழத்துக்கும் விதைக்கும் சத்து போய்விடுகிறதே! எடை போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஆண் செடிதான் முந்தும்.

விதை வேண்டாம். மகரந்தம் எந்த ஆணிடமிருந்து வந்தது என்பது தேனீக்குத்தான் தெரியும். முளைப்பதில் ஏறக்குறைய பாதி மறுபடி பெண்ணாகவே இருக்கும்.

சரி, ஆய்வகம்? முடியும். ஆனால் மண்ணில் முளைத்த தண்டை எவ்வளவு கழுவினாலும் குப்பிக்குள் பூஞ்சை வரும் வாய்ப்பு அதிகம். சுத்தமாகக் கிடைத்த குருத்து பெருகிவிடும், அப்புறம் வேர் விட அடம்பிடிக்கும். ஒரு செடிக்கு ஒத்துவந்த ஊடகம் (குப்பியில் போடும் சத்துக் கலவை) பக்கத்துச் செடிக்கு ஒத்துவராது. ஒற்றைச் செடிக்காக இவ்வளவு செலவு செய்வது வீண் என்பேன்.

திசு வளர்ப்பின் உண்மையான பலன் ரகம் உருவாக்குவதில்தான். செடி ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பவை எக்ஸ், ஒய் என்ற குரோமோசோம்கள் (மரபுத் தகவலைச் சுமக்கும் இழைகள்). பெண் எக்ஸ்எக்ஸ், சாதாரண ஆண் எக்ஸ்ஒய். ஒய்ஒய் ஆண் ஒன்று கிடைத்தால், எந்தப் பெண்ணோடு சேர்த்தாலும் பிறப்பதெல்லாம் ஆண். 'சூப்பர் ஆண்' என்று சொல்லும் இந்தச் செடி இயற்கையில் அபூர்வம். அதனால் அரிசியை விடச் சின்ன மொட்டைப் பிரித்து, மகரந்தப்பையை எடுத்து ஊடகத்தில் வைக்கிறார்கள். மகரந்தத்தில் 10 குரோமோசோம்தான். அதிலிருந்து வரும் செடியில் அதை இரட்டித்து 20 ஆக்கினால், ஒய் உள்ள மகரந்தம் ஒய்ஒய் ஆகிவிடும். பல தலைமுறை காத்திருக்காமல், குணம் மாறாமல் வரும் தூய வரிசையும் கையில் கிடைக்கிறது. ஒரு சிக்கல் உண்டு: பையின் சுவரே வளர்ந்து, மகரந்தச் செடி போல் ஏமாற்றிவிடும். எனவே ஒவ்வொன்றிலும் குரோமோசோமைச் சரிபார்க்காமல் நம்பக்கூடாது.

தாய் தந்தையரைத் தேர்ந்த பிறகு, அவற்றைத்தான் குப்பியில் பெருக்கி விதைத் தோட்டத்தில் நடுவார்கள். விவசாயி வாங்குவது அங்கே விளைந்த விதையை, அல்லது அதிலிருந்து வளர்த்த வேர்க்கிழங்கை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் யூசி 157 என்ற ரகம் இப்படிப் பெருக்கிய பெற்றோரிலிருந்து வந்ததுதான். ஆனால் அதில் பெண்ணும் கலந்து வரும். முழுக்க ஆண் வேண்டுமென்றால் உங்கள் மாகாணத்திலேயே குவெல்ஃப் பல்கலைக்கழகம் வெளியிட்ட குவெல்ஃப் மில்லினியம் என்ற ரகம் இருக்கிறது. குளிர் தாங்கும், வசந்தத்தில் கொஞ்சம் தாமதமாக முளைப்பதால் பனியிலும் அதிகம் சிக்காது.

உங்கள் செடியை விட மனமில்லை என்றால், வசந்தத் தொடக்கத்தில் குருத்து எழும்முன் தோண்டி, ஒவ்வொரு துண்டிலும் மொட்டும் வேரும் இருக்கும்படி இரண்டு மூன்றாகப் பிரித்து நடுங்கள். பிரித்த துண்டுகளில் முதல் வருடம் அறுவடை வேண்டாம். பிரிப்பதற்கு முன் ஒரு பருவம் முழுக்க அந்தச் செடியையும் பக்கத்து ஆண் ஒன்றையும் தனித்தனியாக அறுத்து எடை போடுங்கள். ஆண் முந்தினால் அதைப் பிரிக்கலாம்.