மெல்போர்ன் விமான நிலையத்தில் அம்மாவின் துவரம்பருப்பு

"வெளிநாட்டு விமான நிலையச் சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அனுபவம் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் பெட்டி என்னுடையதில்லை, அம்மாவுடையது.

2023இல் அக்காவின் பிரசவத்துக்காக அம்மாவை மெல்போர்னுக்குக் கூட்டிப்போனேன். எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். 23 கிலோ பெட்டியில் சேலை மூன்று கிலோ இருந்திருந்தால் அதிகம். மீதியெல்லாம் துவரம்பருப்பு, மிளகாய் வற்றல், சீரகம், கொத்தமல்லி விதை, ஒரு டின் முறுக்கு.

இறங்குவதற்கு முன் விமானத்திலேயே ஓர் அட்டை தருவார்கள். தானியம், விதை, பருப்பு ஏதாவது கொண்டு வருகிறீர்களா என்று கேட்டிருக்கும். "எல்லாத்துக்கும் இல்லைன்னு போடு தம்பி, எதுக்கு வம்பு?" என்றாள் அம்மா. நான் ஆமாம் என்றே குறித்தேன். கடந்த 30 நாளில் பண்ணை, கால்நடை பக்கம் போனீர்களா என்று இன்னொரு கேள்வி. "கிளம்புற அன்னைக்குக் காலையிலகூட பால் பீச்சிட்டுத்தான வந்தேன்!" அதற்கும் ஆமாம்.

மாட்டு விஷயம் சீக்கிரம் முடிந்துவிட்டது. காலில் புதுச் செருப்பு, அடியில் மண் இல்லை. பருப்புதான் சிக்கல். சேமித்து வைத்த தானியம், பருப்பைத் தின்கிற கப்ரா வண்டு என்று ஒன்று இருக்கிறது, நம் நாடுதான் அதற்குப் பூர்வீகம். அதன் புழு இரையே இல்லாமல் வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கும், பூச்சிமருந்துக்கும் லேசில் சாகாது. ஆஸ்திரேலியா மாதிரி கோதுமை ஏற்றுமதி செய்கிற நாட்டில் அது குடியேறிவிட்டால் வாங்குகிறவர்கள் கை விரித்துவிடுவார்கள். அதனால் 2020 முதல் இந்த மாதிரிப் பொருள்களைப் பயணிகள் பெட்டியில் கொண்டுவரத் தடை. அம்மா கொண்டுவந்த சாப்பாட்டுச் சாமானில் முறுக்கு தவிர அத்தனையும் அந்தத் தடைப் பட்டியலில் இருந்தன.

அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நம்ம பருப்புல வண்டா? மூணு நாள் வெயில்ல காயப்போட்டு, புடைச்சு, வேப்பிலை போட்டுல்ல வச்சிருக்கேன்!" அந்த நேரத்தில் அதிகாரி அந்த வேப்பிலையைத்தான் கையுறைப் போட்ட விரலால் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் மொழிபெயர்க்கவில்லை.

நாலு பையும் குப்பைத் தொட்டிக்குப் போயின. அபராதம் ஒரு சென்ட்கூட இல்லை, காரணம் அந்த 'ஆமாம்'தான். மறைத்துப் பிடிபட்டால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும். வந்தவர் விசாவையே ரத்து செய்யவும் அவர்கள் சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே சந்தேகமாக இருந்தாலும் ஆமாம் என்றே குறியுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

இரண்டு நாள் கழித்து மெல்போர்ன் புறநகரான டாண்டினாங்கில் ஓர் இந்தியக் கடைக்குப் போனோம். அலமாரி நிறைய துவரம்பருப்பு. அம்மா ஒரு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மட்டும் எப்படி வந்துச்சு?" என்று கடைக்காரரையே கேட்டுவிட்டாள். மருந்துப் புகை போட்டு, சான்றிதழோடு கப்பலில் வருவது என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

"நானும் வேப்பிலை போட்டேனே," என்றாள் அம்மா.